செவ்வாயில் மணி என்ன? வேற்றுலகங்களுக்கு நிழற்கடிகாரம் செய்வதன் கணக்கு

நிலவுக்கென்று தனி நேர அளவை ஒன்றை 2026 இறுதிக்குள் வகுக்கும்படி 2024 ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகை நாசாவைப் பணித்தது. நிலவில் ஈர்ப்பு குறைவு. அங்கே வைக்கும் அணுக் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட நாளொன்றுக்கு ஐம்பது சொச்சம் மைக்ரோ நொடி வேகமாக ஓடும். விண்கலங்களை வழிநடத்துவோருக்கு அந்த மைக்ரோ நொடிகள் முக்கியம். செய்தியைப் படித்த பலருக்கு எழுந்த கேள்வியோ வேறு: அங்கேயும் சூரியன் உதிக்கிறதே, ஒரு கம்பியை நட்டு நிழலைப் பார்த்தால் மணி தெரிந்துவிடாதா?

தெரியும். ஆனால் எந்த மணி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேற்றுலக நிழற்கடிகாரத்தின் சிக்கல் முழுவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது. கம்பி, தகடு, கோடு எல்லாம் பள்ளிக்கூட முக்கோணவியல்.

நிழல் எதை அளக்கிறது

ஒரு கோள் தன் அச்சில் சுழல்வதால் சூரியன் வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போவதுபோல் தெரிகிறது. நிழற்கடிகாரம் அளப்பது இந்த ஒன்றைத்தான். அதற்கு மூன்று பாகங்கள் போதும்.

1. முள்: நிழல் விழுத்தும் கம்பி அல்லது தகட்டின் விளிம்பு. இது கோளின் சுழலச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதாவது, ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை தரையிலிருந்து உயர்ந்து, துருவத்தை நோக்க வேண்டும்.
2. முகப்பு: நிழல் விழும் பரப்பு.
3. மணிக்கோடுகள்: நிழல் எப்போது எங்கே விழும் என்பதன் அடையாளம்.

இந்த மூன்றிலும் ஈர்ப்புக்கு இடமில்லை. ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்பதற்கும் இடமில்லை. செவ்வாயின் ஒரு நாள், அதாவது ஒரு சோல், 24 மணி 39 நிமிடம் 35 நொடி. நம் கைக்கடிகாரத்தை அங்கே கொண்டுபோனால் முதல் நாளே 39 நிமிடம் தவறிவிடும். நிழற்கடிகாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு சோலை 24 'செவ்வாய் மணி'யாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு மணிக்கும் சூரியன் 15 பாகை நகரும், இங்கே போலவே. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர் (தரையில் ஊர்ந்து ஆராயும் தானியங்கி வண்டி) இறங்கிய ஜெசிரோ பள்ளம் 18.4 பாகை வடக்கில் இருக்கிறது. புணே நகரம் 18.5 பாகை வடக்கு. புணேக்காக அறுத்த நிழற்கடிகாரத்தை அப்படியே ஜெசிரோவில் கொண்டுபோய் வைத்தால், கோடுகளில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் இருக்காது.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

கிடைமட்ட முகப்புதான் நாம் பூங்காக்களில் பார்ப்பது. அதன் கணக்கு ஒரே வரி: மணிக்கோட்டின் கோணத்துடைய டேன்ஜன்ட் என்பது, அட்சரேகையின் சைனை உச்சிப்பொழுதிலிருந்து சூரியன் நகர்ந்த கோணத்தின் டேன்ஜன்ட்டால் பெருக்கி வருவது. ஜெசிரோவுக்குப் போட்டுப் பார்த்தால் 1 மணிக் கோடு உச்சிக் கோட்டிலிருந்து 4.8 பாகையிலும், 3 மணிக் கோடு 17.5 பாகையிலும், 5 மணிக் கோடு 50 பாகையிலும் விழும். உச்சிவேளையில் நெருக்கம், மாலையில் தாராளம். சமாளிக்கலாம்.

கியூரியாசிட்டி ரோவர் இருக்கும் கேல் பள்ளத்தில் கதை வேறு. அது 4.6 பாகை தெற்கு, கிட்டத்தட்ட நடுக்கோடு. அங்கே 1 மணிக் கோடு 1.2 பாகையில் வரும். 12 முதல் 5 வரையிலான ஐந்து மணி நேரமும் 17 பாகைக்குள் ஒடுங்கிவிடும். கடைசி ஒரு மணி மட்டும் 73 பாகையை எடுத்துக்கொள்ளும். தெற்கு அரைக்கோளம் என்பதால் முள் தென் துருவத்தைப் பார்க்க வேண்டும், எண்களும் இடஞ்சுழியாக ஓட வேண்டும். இது சரியான கடிகாரம்தான். ஆனால் படிக்க முடியாத கடிகாரம்.

இதனால் வேற்றுலகத்துக்குப் பொருத்தமானது கிடைமட்ட முகப்பு அல்ல, நடுக்கோட்டு வகை என்பதே என் தீர்ப்பு. முகப்பைக் கோளின் நடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகச் சாய்த்துவிட்டால், எந்த ஊரிலும் எந்தக் கோளிலும் மணிக்கோடுகள் சம இடைவெளியில் வரும். ஊருக்கு ஊர் மாறுவது சாய்வு மட்டும். ஒரு குறை உண்டு. அரையாண்டு சூரியன் தகட்டின் மேற்புறத்திலும் அடுத்த அரையாண்டு கீழ்ப்புறத்திலும் விழும். சம இரவுப் பகல் நாள்களில் விளிம்பை உரசிப் போகும். செவ்வாயில் இந்த 'அரை'கூடச் சமம் அல்ல. வடக்கு அரைக்கோளத்தில் வசந்தமும் கோடையும் சேர்ந்து சுமார் 372 சோல். இலையுதிர் காலமும் குளிர்காலமும் சேர்ந்து 297 சோல் மட்டுமே. தகட்டுக்குப் பதில் வளையம் வைத்து, அதன் உட்புறத்தில் கோடுகளைக் கீறினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

பருவங்கள் ஏன் இப்படிக் கோணலாகின்றன என்பதில்தான் செவ்வாய்க் கடிகாரத்தின் உண்மையான பிழை ஒளிந்திருக்கிறது.

51 நிமிடப் பிழை

நிழற்கடிகாரம் காட்டுவது மெய்ச் சூரிய நேரம், அதாவது வானத்தில் சூரியன் உண்மையில் நிற்கும் இடம் சொல்லும் நேரம். நாம் கையில் கட்டுவது, சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்ட சராசரிச் சூரிய நேரத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரச் சமன்பாடு என்பார்கள். பூமியில் பிப்ரவரி நடுவில் நிழல் சுமார் 14 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். காரணங்கள் இரண்டு.

1. பாதை நீள்வட்டம். சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் விரைகிறது, தள்ளிப் போகும்போது தளர்கிறது. பூமியின் நீள்வட்டத்தன்மை (சரியான வட்டத்துக்கு இது பூச்சியம்) 0.0167 தான். இதனால் வரும் ஏற்ற இறக்கம் ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேல்.
2. அச்சின் சாய்வு. பூமிக்கு 23.4 பாகை. இதனால் வருவது சுமார் 10 நிமிடம்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால்தான், தினமும் ஒரே நேரத்தில் சூரியன் நிற்கும் இடத்தைக் குறித்து வந்தால் ஆண்டு முடிவில் 8 போன்ற உருவம் கிடைக்கிறது. அனலெம்மா என்பது இதுதான்.

செவ்வாயின் அச்சுச் சாய்வு 25.2 பாகை. பூமியோடு பெரிய வித்தியாசம் இல்லை. இதன் பங்கு சுமார் 11 நிமிடம். ஆனால் நீள்வட்டத்தன்மை 0.0934. சூரியனிடமிருந்து தூரம் 20.7 கோடி கிலோமீட்டருக்கும் 24.9 கோடிக்கும் இடையே ஊசலாடுகிறது. இதன் பங்கு மட்டும் சுமார் 43 நிமிடம். ஒன்று மற்றதை விழுங்கிவிடுவதால் 8 உருவம் அழிந்து, நீர்த்துளி வடிவில் ஒரே வளையமாகிவிடுகிறது. மொத்தத்தில் செவ்வாயின் நிழற்கடிகாரம் சராசரி நேரத்தைவிட 51 நிமிடம் வரை பின்தங்கும், 40 நிமிடம் வரை முந்தும்.

எனவே வடிவமைப்பவர் முதலிலேயே கேட்டாக வேண்டும்: சூரியன் உச்சியில் இருப்பது தெரிந்தால் போதுமா, இல்லை திட்ட அட்டவணையோடு ஒத்துப்போக வேண்டுமா? சூரிய மின்தகட்டில் இயங்கும் கருவிக்கு முதல் விடை போதும். அதற்கு வேண்டியது வெளிச்சம், அட்டவணை அல்ல. 1997இல் இறங்கிய பாத்ஃபைண்டர் திட்டக் குழு மெய்ச் சூரிய நேரத்தையே பின்பற்றியது. கியூரியாசிட்டியின் கணக்கோ சராசரி நேரத்தில் ஓடுகிறது. இரண்டாவது விடை வேண்டுமானால் நீர்த்துளி அனலெம்மாவை ஒவ்வொரு மணிக்கோட்டின் மேலும் கீறி, முள்ளின் மேல் ஒரு சிறு உருண்டையைப் பொருத்தி, அதன் நிழல் வளைகோட்டின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் பருவம் என்று தெரியாதவர் தவறான பக்கத்தைப் படித்தால் பிழை ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம்.

செவ்வாயில் ஏற்கெனவே இருப்பவை

"செவ்வாயில் நாசா நிழற்கடிகாரம் வைத்திருக்கிறது" என்ற செய்தி அவ்வப்போது வலம்வரும். உண்மைதான். ஆனால் அவை மணி பார்க்க அனுப்பப்பட்டவை அல்ல.

1976 ஜூலையில் வைகிங் 1 இறங்கியபோது வந்த முதல் வண்ணப் படம் நீல வானத்தோடு வெளியானது. நிறச் சமநிலையைத் திருத்திய பிறகே செவ்வாயின் வானம் தூசி கலந்த இளஞ்சிவப்பு என்று தெரிந்தது. கேமராவுக்குத் தெரிந்த நிறம் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து, அதையும் படமெடுத்து ஒப்பிட்டால்தான் பாறையின் நிறத்தை நம்ப முடியும். அந்த ஒப்பீட்டுத் தகட்டுக்கு நடுவில் ஒரு கம்பியும் வேண்டும். காரணம், தகட்டின் ஒரே சாம்பல் நிறம் வெயிலில் எவ்வளவு பிரகாசம், நிழலில் எவ்வளவு பிரகாசம் என்று பார்த்தால், நேராக வரும் ஒளி எவ்வளவு, தூசி வானம் சிதறி அனுப்பும் ஒளி எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

இப்படி ஒரு தகடும் கம்பியும் ரத்துசெய்யப்பட்ட 2001 செவ்வாய்த் தரையிறங்கிக்காக வரைபடத்தில் இருந்தன. அதைப் பார்த்த பில் நை, இதை நிழற்கடிகாரமாக்கலாமே என்று கேட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்றவர் அவர். தந்தை நிழற்கடிகாரப் பித்தர். கோள் அறிவியலாளர்கள் ஸ்டீவ் ஸ்குவையர்ஸ், ஜிம் பெல், வாஷிங்டன் பல்கலைக்கழக வானியலாளர் உட்ரஃப் சல்லிவன், ஓவியர் ஜான் லோம்பெர்க் முதலியோர் சேர்ந்து அதற்கு உருக்கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரோவர்களோடு அது செவ்வாயில் இறங்கியது.

பக்கத்துக்கு 8 செ.மீ. கொண்ட சதுரம், எடை சுமார் 60 கிராம். நடுவில் முள், அதன் உச்சியில் உருண்டை. சுற்றிலும் வெவ்வேறு அழுத்தத்தில் சாம்பல் வளையங்கள். நான்கு மூலைகளில் வண்ணத் துண்டுகள். 'இரு உலகங்கள், ஒரே சூரியன்' என்ற பொருளில் ஆங்கில வாசகம். பூமியையும் செவ்வாயையும் குறிக்கும் இரண்டு புள்ளிகள். ஒன்றே ஒன்று இல்லை: மணிக்கோடு.

இது மறதி அல்ல. மேலே சொன்ன முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள்: முள் சுழலச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். ரோவரோ நகர்கிறது, திரும்புகிறது, பாறைமேல் ஏறிச் சாய்கிறது. அதன் முதுகில் பொருத்திய முள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு திசையைப் பார்க்கும். கீறிய கோடு ஒரு நிறுத்தத்துக்குச் சரியாக இருந்தால் அடுத்ததற்குப் பொய்யாகிவிடும். அதனால் ரோவரின் திசையும் சாய்வும் தெரிந்த பிறகு, பூமிக்கு வந்த படத்தின்மேல் கணினியில் கோடுகளைப் போட்டுக்கொள்வது என்று வைத்தார்கள். மணிக்கோடு இல்லாத முகப்பை நிழற்கடிகாரம் என்று அழைக்கலாமா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பொறியியலாக அது மிக நேர்மையான முடிவு.

அதன் நிஜ எதிரி தூசி. மாதங்கள் செல்லச் செல்ல சாம்பல் வளையங்களின் மேலும் செந்தூசி படிந்து, ஒப்பிடுவதற்கு என்று வைத்த நிறமே மாறிப்போனது. கியூரியாசிட்டிக்கு அதே வகைத் தகட்டின் உபரிப் பிரதியைப் பயன்படுத்தியபோது அடியில் ஆறு காந்தங்களைப் பதித்தார்கள். செவ்வாய்த் தூசியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் துகள்கள் அதிகம். காந்தம் அவற்றை வளையமாக இழுத்துக்கொள்ள, நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும். பெர்சிவியரன்ஸிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

நிழலின் விளிம்பும் நிழலின் கருமையும்

இவை இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதைத் தீர்மானிப்பது வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம். அகலம் கூடினால் நிழலைச் சுற்றியுள்ள மங்கலான புறநிழலும் கூடும். முள்ளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு பூமியில் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கும், செவ்வாயில் 6 மி.மீ.; புதனில் சூரியன் மிக அருகில் இருக்கும்போது 30 மி.மீ.; புளூட்டோவில் கால் மி.மீ. மட்டுமே. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயர சாம்ராட் யந்திரம் என்ற நிழற்கடிகாரத்தை எழுப்பியும் நொடிக்கணக்குத் துல்லியத்துக்குத் தடையாக நிற்பது இந்தப் புறநிழல்தான்.

கருமையைத் தீர்மானிப்பது வானம். செவ்வாயில் விளிம்பு கூர்மை, ஆனால் தூசி சிதறும் ஒளி நிழலுக்குள் புகுந்து அதை வெளிறச் செய்யும். 2018 ஜூன் புழுதிப் புயலில் ஆப்பர்ச்சூனிட்டி இருந்த இடத்தில் நேர் வெயில் அடியோடு மறைந்தது. அன்று அங்கே எந்த நிழற்கடிகாரமும் வேலை செய்திருக்காது. சூரிய மின்தகட்டில் இயங்கிய அந்த ரோவரும் அதன் பிறகு பேசவில்லை.

நிலவு: கடிகாரமா, நாள்காட்டியா?

நிலவில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 29.5 பூமி நாள். இதை 24ஆகப் பிரித்தால் ஒரு 'மணி' நம் 29 மணி நேரத்துக்கும் மேல், யாருக்கும் பயன்படாது. சூரியன் ஒரு பூமி நாளில் 12.2 பாகை நகர்வதால், அந்த இடைவெளியில் கோடு போடுவதே அறிவுடைமை. அப்போது அது நாள்காட்டியாகிறது. சந்திரயான்-3 இறங்கிய 69 பாகைத் தெற்குப் பகுதிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அந்தத் திட்டமே 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கி ஒரு நிலவுப் பகலுக்குள் முடிக்கத் திட்டமிட்டதுதான்.

நிலவின் அச்சு வெறும் ஒன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால் பருவக் கோடுகள் தேவையில்லை. காற்று இல்லாததால் நிழலுக்குள் வான ஒளி புகாது. பிழை மட்டும் நாம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிது. பூமியின் நீள்வட்டப் பாதையால் சூரியன் சராசரி இடத்திலிருந்து 1.9 பாகை வரை விலகும். பூமியில் அது ஏழரை நிமிடம். மணிக்கு அரைப் பாகை மட்டுமே சூரியன் நகரும் நிலவிலோ கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்.

அப்பல்லோ வீரர்கள் முக்காலியில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு நிலவுத் தரையில் வைத்துப் படமெடுத்தார்கள். கம்பி செங்குத்தைக் காட்டும், நிழல் சூரியத் திசையைக் காட்டும், காலில் ஒட்டிய சாம்பல் பட்டை ஒளியைக் காட்டும். செவ்வாய்த் தகட்டின் மூதாதை அது.

புதன்: பின்னோக்கி நடக்கும் நிழல்

வடிவமைப்புக்கு மிகச் சுவையான இடம் இதுவே. புதன் தன் அச்சில் ஒருமுறை சுழல 58.6 நாள், சூரியனைச் சுற்ற 88 நாள். மூன்று சுழற்சிக்கு இரண்டு சுற்று. விளைவாக, ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை 176 பூமி நாள், அதாவது இரண்டு புதன் ஆண்டு.

புதனின் பாதை மிகவும் நீண்டது, நீள்வட்டத்தன்மை 0.206. சூரியனுக்கு மிக அருகே வரும் சுமார் எட்டு நாள்களில், கோள் சுற்றும் கோண வேகம் சுழலும் வேகத்தை மிஞ்சிவிடும். அப்போது வானத்தில் சூரியன் நின்று, பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னோக்கிக் கிளம்பும். சில இடங்களில் உதித்த சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும்.

நிழல் மூன்று முறை ஒரே கோட்டைக் கடந்தால் மணி எப்படிப் படிப்பது? கணக்கைப் போட்டால் பயம் தணிகிறது. பின்னோக்கி நகர்வது மொத்தம் ஒரு பாகைக்குச் சற்று மேல்தான். அந்நேரம் சூரிய வட்டத்தின் அகலமே 1.7 பாகை. நிழல் பின்வாங்கும் தூரம் அதன் மங்கல் விளிம்புக்குள்ளேயே அடங்கிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு நிழல் சில வாரம் அசையாமல் நிற்பதுபோல்தான் தெரியும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாள் சரியாக இரண்டு ஆண்டு என்பதால், ஓர் ஊரில் இந்தத் தடுமாற்றம் எல்லா நாளும் ஒரே வேளையில் வரும். பூமியிலும் செவ்வாயிலும் தனியே அட்டவணை வைத்துத் திருத்த வேண்டிய பிழையை, புதனில் கோடுகளின் இடைவெளியிலேயே ஒருமுறை கீறி முடித்துவிடலாம். அச்சுச் சாய்வு ஏறத்தாழப் பூச்சியம் என்பதால் அந்தக் கோடுகளைப் பருவமும் கலைக்காது. நேரச் சமன்பாடு தேவைப்படாத, சராசரி நேரத்தை நேராகக் காட்டும் நிழற்கடிகாரம் சாத்தியமான கோள் இது.

சில இடங்களை ஒரு வரியில் கடந்துவிடலாம். வெள்ளியில் மேகம் சூரிய வட்டத்தையே மறைக்கிறது. சனியின் நிலவான டைட்டனில் ஆரஞ்சு மூட்டம். வியாழனின் நிலவான யூரோப்பாவில் வியாழனைப் பார்த்த பக்கத்தில் ஏறத்தாழ உச்சிவேளையிலேயே வியாழன் சூரியனைச் சுமார் மூன்று மணி நேரம் மறைத்துக்கொள்ளும்.

வடக்கு எங்கே?

கடிகாரம் தயார், நிறுவ வேண்டும். செவ்வாய்க்குக் கோள் முழுவதற்குமான காந்தப்புலம் இல்லை, திசைகாட்டி உதவாது. அதன் வட துருவத்துக்கு நேரே பிரகாசமான துருவ நட்சத்திரமும் இல்லை. அருகில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது டெனெப், அதுவும் பல பாகை தள்ளி.

பழைய முறை கைகொடுக்கும். கோயில் மனையில் திசை குறிக்கச் சிற்ப நூல்களும், காலம் கணிக்கச் சூரிய சித்தாந்தமும் சொல்லும் சங்கு முறை அது.

1. சமதளத்தில் செங்குத்தாக ஒரு கம்பியை நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் போடவும்.
2. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறிக்கவும்.
3. பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தைக் குறிக்கவும்.
4. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு.

காந்தமோ நட்சத்திரமோ இதற்கு வேண்டாம்; சுழலும் கோளும் தெளிந்த வெயிலும் போதும். செவ்வாயில் ஒரு சோலுக்குள் வேலை முடியும். நிலவில் இரண்டு குறிகளுக்கும் இடையே ஒரு வாரம் காத்திருக்க நேரலாம். அதுவரை கம்பியை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.